ரிச்சர்ட்சனுக்குப் போய்வந்ததாகச் சொன்னேன்

வசந்தாமணி ஆன்ட்டி கண்ணை மூடிக்கொண்டுதான் நரம்பு தேடுவார். மேல்கையில் ரப்பர் பட்டையைக் கட்டி, முழங்கை மடிப்பில் ஆள்காட்டி விரலை வைத்து, இரண்டு விநாடி கண்ணை மூடுவார். பிறகு ஒரே குத்து. கீமோதெரபியில் நரம்பு சுருங்கிப்போனவர்கள், ஊசியைப் பார்த்ததும் கெட்ட வார்த்தை பேசும் ஆறடி ஆட்கள், யாராக இருந்தாலும் இரண்டாவது குத்து கிடையாது. மற்றவர்கள் குத்திக் குத்தித் தோற்றுப்போனால் அவரைத்தான் கூப்பிடுவார்களாம். "கண்ணுல பாத்துக் குத்துனா ஏமாந்துருவோம் நிஹாலு. வெரல்ல தட்டுப்படறதுதான் நெசம்" என்று ஒருமுறை சொன்னார்.

அவரை நான் பத்து வாரம் ஏமாற்றினேன்.

ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்டில் எங்கள் வீடும் அவர் வீடும் முதுகோடு முதுகு. நடுவில் மரவேலி. அதில் ஒரு பலகைக்கு ஆணி கழன்றுவிட்டது. அந்தப் பலகையை ஒதுக்கினால் அவர் பக்கத்திலிருந்து இட்லி மாவு டப்பா வரும், எங்கள் பக்கத்திலிருந்து பிரியாணி டப்பா போகும். இரண்டு குடும்பத்துக்கும் சொந்த ஊர் உடுமலைப்பேட்டை. என் அம்மா கமருன்னிசாவை அவர் "கமரு" என்பார். அம்மா அவரை "வசந்தாக்கா" என்பார். அவருடைய கணவர் மாரிசாமி அங்கிளுக்கு எண்ணெய்க் கம்பெனியில் வேலை. மாதத்தில் இரண்டு வாரம் மிட்லண்டில் இருப்பார். வீட்டில் இருக்கும் இரண்டு வாரமும் புல் வெட்டுவார், தூங்குவார். அதிகம் பேசமாட்டார்.

ஆன்ட்டி உடுமலையில் விலங்கியல் படித்தவர். இங்கே வந்து, மகள் யாமினியைப் பள்ளியில் சேர்த்த பிறகு, ரத்தம் எடுக்கும் படிப்பை ஆறு மாதம் படித்தார். பன்னிரண்டு வருடமாக ஹூஸ்டனில் ஒரு பெரிய மருத்துவமனையில் வேலை. காலை ஐந்து மணிக்கு ஷிஃப்ட், மதியம் ஒன்றரைக்கு முடியும். இரண்டே காலுக்கு வீட்டில் இருப்பார். நீல யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் முதலில் செய்யும் வேலை, போனை அரிசி டப்பாவின் மூடியில் சாய்த்து வைத்து மேப்பைத் திறப்பதுதான்.

அந்த மேப்பில் ஒரு பச்சைப் புள்ளி. அதுதான் யாமினி. ரிச்சர்ட்சனில் யூனிவர்சிட்டியில் சேர்ந்தபோது அம்மாவும் மகளும் சேர்ந்தே போட்டுக்கொண்ட செயலி அது. தாளிக்கும்போதும் பாத்திரம் கழுவும்போதும் ஆன்ட்டியின் ஒரு கண் அந்தப் புள்ளியில் இருக்கும்.

"புள்ளி லைப்ரரில இருக்குது" என்பார் என் அம்மாவிடம். "புள்ளி இப்ப கெளம்பிருச்சு. சாப்பிடப் போகுதாட்ட இருக்குது."

"அக்கா, அது புள்ளியா புள்ளையா?" என்று அம்மா கிண்டல் செய்வார்.

"எனக்கு ரெண்டும் ஒன்னுதான் கமரு."

புள்ளி தியேட்டருக்குப் போனால் போன் செய்வார். மாலில் ரொம்ப நேரம் நின்றால் போன் செய்வார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் இப்படி ஒரு புள்ளி உண்டு. என் அத்தா அன்வர் பாட்சாவின் போனில் நான்கூட ஒரு புள்ளிதான். ஆனால் என் புள்ளி நகரவே நகராது, அதனால் அவர் பார்ப்பதில்லை.

போன பிப்ரவரியில், ஒரு சனிக்கிழமை, யாமினியின் புள்ளி ரிச்சர்ட்சனுக்குப் பக்கத்தில் பிளேனோவில் முன்பின் தெரியாத ஒரு வீட்டின்மேல் இருந்தது. வெள்ளிக்கிழமை சாயந்திரம் போய் நின்றது, சனிக்கிழமை காலைவரை அசையவில்லை. ஆன்ட்டி ஷிஃப்டில் இருந்தபடியே பதினான்கு முறை கூப்பிட்டார். யாமினி எடுக்கவில்லை. பாதி ஷிஃப்டில் சொல்லிவிட்டு, யூனிஃபார்மோடு காரில் ஏறி, நான்கரை மணி நேரம் டிரைவ் பண்ணி, அந்த வீட்டு மணியை அடித்தார்.

உள்ளே எட்டுப் பெண்கள் டான்ஸ் போட்டிக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கவனம் சிதறக்கூடாது என்று எல்லோருடைய போனையும் ஒரு கூடையில் போட்டு வைத்திருந்தார்கள். முதல் நாளே வந்து, அங்கேயே தங்கியிருக்கிறார்கள். யாமினி வியர்வையோடு வாசலுக்கு வந்தபோது ஆன்ட்டி கேட்ட முதல் கேள்வி: "உசுரோடதான் இருக்கியா?" பின்னால் நின்ற பெண்களில் யாரோ சிரித்துவிட்டார்கள்.

அன்று சாயந்திரமே புள்ளி மறைந்தது. ஒரே ஒரு மெசேஜ் வந்தது. நான் நன்றாக இருக்கிறேன், கொஞ்ச நாள் என்னைக் கூப்பிடாதீர்கள், நானே கூப்பிடுகிறேன் என்று ஆங்கிலத்தில். மாரிசாமி அங்கிளுக்கு மட்டும் மாதம் ஒருமுறை "I'm okay Appa" என்று வரும். ஆன்ட்டிக்கு அதுவும் கிடையாது. அவர் அரிசி டப்பாவின் மூடியில் போனைச் சாய்த்து வைப்பதை மட்டும் விடவில்லை. மேப்பில் வெறும் ரோடுகள்தான் இருக்கும்.

இனி என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் பதினான்கு வயதில் உடுமலையிலிருந்து இங்கே வந்து ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தேன். யாமினி அப்போது பதினொன்றாவது. பஸ்ஸில் என் உச்சரிப்பைக் கேட்டு மற்றவர்கள் சிரித்தபோது, பக்கத்தில் வந்து உட்கார்ந்தது அவள் மட்டும்தான். "மெதுவா பேசு, வேகமா பேசினாத்தான் தப்பு தெரியும்" என்று சொல்லிக்கொடுத்தாள். பள்ளியை எப்படியோ முடித்தேன். கம்யூனிட்டி காலேஜில் பெயர் கொடுத்து, ஐந்து வாரம் போய், நின்றுவிட்டேன். டிரைவிங் டெஸ்டில் மூன்று முறை தோற்றேன். அத்தாவும் அம்மாவும் ஆளுக்கொரு காரில் வேலைக்குப் போய்விடுவார்கள். கார் இல்லாமல் பேர்லேண்டில் பால் வாங்கக்கூட போகமுடியாது. நாள் முழுவதும் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருப்பேன்.

அப்போதுதான் உடம்பை விட்டு வெளியே போவது பற்றிய புத்தகங்கள் கண்ணில் பட்டன. ஆஸ்ட்ரல் புரொஜெக்‌ஷன் என்று பெயர். ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கான மூன்று கையேடுகளை லைப்ரரியில் எனக்காக எடுத்து வைக்கச் சொன்னேன். அம்மாதான் வேலை முடிந்து வரும் வழியில் வாங்கி வந்தார். ஒன்றின் அட்டையில், கட்டிலில் ஒருவர் படுத்திருக்க, அவர் மேலே இன்னொரு அவர் மிதந்துகொண்டிருந்தார். இருவரையும் ஒரு வெள்ளிக் கயிறு இணைத்திருந்தது.

"இது என்னடா, மவுத்தான ஆளா?"

"தூக்கத்தைப் பத்தின சயின்ஸ்ம்மா."

"உனக்குத் தூங்கறதுக்குப் புக்கு வேற வேணுமா?" என்றார் அம்மா.

மூன்று புத்தகங்களும் கிட்டத்தட்ட ஒன்றைத்தான் சொல்லின. மல்லாந்து படு. கால்விரலிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு உறுப்பாகத் தளர்த்து. உடம்பு தூங்க வேண்டும், மனம் விழித்திருக்க வேண்டும். காதில் ஒரு ரீங்காரம் கேட்கும், உடம்பு அதிரும், பயப்படாதே. கூரையிலிருந்து ஒரு கயிறு தொங்குவதாக நினைத்து, மனக்கையால் அதைப் பற்றிப் பற்றி ஏறு. முதல் தடவை அறைக்கதவு வரைக்கும் போனால் போதும், தூரம் போக ஆசைப்படாதே. கடைசியில் ஒழுக்கம் பற்றி ஓர் அத்தியாயம் இருந்தது. அதை நான் படிக்கவில்லை. பரீட்சையில் வராத பாடம் போல அதைத் தள்ளிவிட்டேன்.

ஜூலை முழுவதும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஹாலில் கார்ப்பெட்டில் படுத்து, கண்மேல் துண்டு போட்டுக்கொண்டு பழகினேன். புத்தகம் சொன்ன சோதனையையும் செய்தேன். சீட்டுக்கட்டிலிருந்து ஒன்றைப் பார்க்காமல் எடுத்து அலமாரி மேல் வைத்துவிட்டு, மேலே போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும். ராஜா என்று நினைத்தேன். கிளாவர் மூன்று. பதினோரு முறை முயன்று பதினோரு முறையும் தப்பு. ஒரே ஒருநாள் மட்டும் உடம்பு நிஜமாகவே அதிர்ந்தது. கூரைக்குப் பக்கத்தில் இருப்பது போலவும், ஃபேன் இறக்கையின் மேல்பக்கத்தில் தூசி படிந்திருப்பது போலவும் தெரிந்தது. எழுந்து ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தேன். தூசி இருந்தது. இரண்டு நாள் தரையில் கால் படாமல் திரிந்தேன். எந்த வீட்டு ஃபேனில்தான் தூசி இருக்காது என்று மூன்றாம் நாள்தான் தோன்றியது.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு மதியம் அப்படிப் படுத்திருந்தபோது யாரோ என் மணிக்கட்டைப் பிடித்தார்கள். அலறிக்கொண்டு எழுந்தேன். வசந்தாமணி ஆன்ட்டி. வேலிப் பலகையை ஒதுக்கி மாவு டப்பாவோடு வந்தவர், பின்கதவின் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துப் பயந்து, கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நாடி பிடித்திருக்கிறார்.

"ஏங்கண்ணு, என்ன ஆச்சு? அம்மாளக் கூப்புடட்டுமா?"

"ஒன்னுமில்ல ஆன்ட்டி. ப்ராக்டிஸ்."

"என்ன ப்ராக்டிஸ்? செத்துப்போறதுக்கா?"

வெட்கத்தில் எல்லாவற்றையும் உளறிவிட்டேன். உடம்பு இங்கே கிடக்கும், நாம் வெளியே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று. அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் மாவு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தார்.

"எங்க வேணா போலாமா?"

"புக்ல அப்படித்தான் போட்டிருக்கு."

"ரூமுக்குள்ள எல்லாம் போயிப் பாக்க முடியுமா?"

"முடியும்னு போட்டிருக்கு ஆன்ட்டி. எனக்கு இன்னும் சரியா வரல."

கொஞ்ச நேரம் டப்பாவின் மூடியைத் திறந்து திறந்து மூடினார். "ரிச்சர்ட்சன் போக முடியுமா கண்ணு?" என்றார். "பேச வேண்டாம். எதுவும் சொல்ல வேண்டாம். சாப்புடறாளா, மூஞ்சி எப்புடி இருக்குது, அவ்வளவு பாத்துட்டு வந்தாப் போதும்."

இல்லை, இதெல்லாம் எனக்கு வராது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ட்ரை பண்றேன் என்றேன். பள்ளியை முடித்ததிலிருந்து என்னிடம் யாரும் ஒரு வேலை கேட்டதில்லை. இவர்தான் முதலில் கேட்டார்.

முயன்றேன். அது மட்டும் பொய்யில்லை. ஒரு வாரம் தினமும் ஒரு மணி நேரம் படுத்துக் கயிறு ஏறினேன். தினமும் இரண்டே முக்காலுக்கு வேலிப் பலகை நகரும் சத்தம் கேட்கும். "போனியா கண்ணு?" என்பார். இல்லை என்றால், "பரவால்ல, அவசரமில்ல" என்று சொல்லிவிட்டு ஏதாவது ஒரு டப்பாவை வைத்துவிட்டுப் போவார். எட்டாம் நாள் காலை, போனில் இன்ஸ்டாகிராம் பார்த்துக்கொண்டிருந்தேன். யாமினி ஒரு படம் போட்டிருந்தாள்.

அவளுக்கு இரண்டு கணக்குகள் உண்டு. ஒன்று ஊருக்கு. இன்னொன்றில் முப்பது பேர் மட்டும். அந்த முப்பதில் நானும் ஒருவன். பள்ளி நாளில் என்னைச் சேர்த்தபோது, "அம்மாவுக்கு மட்டும் இது தெரியக்கூடாது, ஓகே?" என்று சொல்லித்தான் சேர்த்தாள். அந்தப் படத்தில் அவள் முடியைத் தோள்வரை வெட்டியிருந்தாள். பின்னால் ஜன்னல், ஜன்னலில் காப்பித்தூள் டின்னில் ஒரு அவரைச் செடி.

அன்று மதியம் ஆன்ட்டி வந்து, "போனியா?" என்று கேட்பதற்குள் நான் சொன்னேன்.

"முடி வெட்டியிருக்கா ஆன்ட்டி. இதுவரைக்கும்." என் தோளைத் தொட்டுக் காட்டினேன். "ஜன்னல்ல ஒரு செடி வெச்சிருக்கா. டின்னுல. அவரைச் செடி."

ஆன்ட்டி வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "அவரை... அவளுக்கு அவரைக்காய்ப் பொரியல்னா உசுரு கண்ணு. நீ எப்படி இதச் சொல்லுவே, நெசமாப் போயிருந்தாத்தான் சொல்லுவே" என்றார். என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கையை இழுத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. இழுக்கவில்லை.

அதன் பிறகு அது வியாழக்கிழமை வழக்கமாகிவிட்டது. ஆன்ட்டியே வைத்த கிழமை. அன்று அவர் காலையில் இருந்து கறி சாப்பிடமாட்டார். நான் மதியம் படுப்பேன். துண்டுக்கு அடியில் கண்ணைத் திறந்துகொண்டு, அந்த வாரம் பார்த்த படங்களை வரிசையாக நினைத்துக்கொள்வேன். எழுந்து சொல்வேன். பச்சை ஸ்வெட்டர் போட்டிருக்கிறாள். ஒரு சாம்பல் நிறப் பூனை வளர்க்கிறாள். பூனைக்கு முன்கால் அடிபட்டுக் கட்டுப் போட்டிருக்கிறது. படம் எதுவும் இல்லாத வாரங்களில் நானே சேர்த்துக்கொள்வேன். தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள் என்று ஒருமுறை சொன்னேன். "சட்னியா, பொடியா?" என்று கேட்டார். பொடி என்றேன். அன்று முழுவதும் அவர் முகம் அவ்வளவு நன்றாக இருந்தது.

பேர்லேண்ட் மீனாக்ஷி கோவிலுக்குப் போய் என் பெயருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தார். "அய்யர் நட்சத்திரம் கேட்டாரு. எனக்கென்ன தெரியும்? யாமினியோட நட்சத்திரத்தையே சொல்லிட்டேன்" என்றார். அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "எம் மவனுக்கு எதுக்குக்கா அர்ச்சனை?" என்று கேட்டதற்கு, "காலேஜ் போகோணும்னுதான்" என்று ஆன்ட்டி சமாளித்தார். எங்கள் விஷயத்தை வேறு யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று நான்தான் அவரிடம் கேட்டிருந்தேன். சொன்னால் சக்தி போய்விடும் என்று புத்தகத்தில் இருப்பதாகச் சொன்னேன். எந்தப் புத்தகத்திலும் அப்படி இல்லை.

அக்டோபரில் ஒரு மதியம், படமும் இல்லாமல் சொல்லவும் எதுவும் தோன்றாமல், புத்தகத்தில் ஏதாவது கிடைக்குமா என்று புரட்டினேன். அப்போதுதான் அந்தக் கடைசி அத்தியாயத்தைப் படித்தேன். ஒருவரின் சம்மதம் இல்லாமல் அவருடைய அறைக்குள் போகாதே, போக முடிந்தாலும் போகாதே என்று முதல் பத்தியிலேயே இருந்தது. புத்தகத்தை மூடிச் சோபாவுக்கு அடியில் தள்ளினேன். நான்தான் எங்கேயும் போகவில்லையே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நவம்பரில், தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, வியாழக்கிழமை மதியம், ஆன்ட்டி வீட்டுச் சமையலறையில் நான் முறுக்கு தின்றுகொண்டிருந்தேன். அரிசி டப்பா மூடியில் இருந்த போன் அடித்தது. யாமினி. ஒன்பது மாதத்துக்குப் பிறகு.

ஆன்ட்டியின் கையெல்லாம் கடலை மாவு. முழங்கையால் பச்சைப் பொத்தானை இழுத்து, ஸ்பீக்கரில் போட்டார்.

"ம்மா."

"சொல்லு சாமி."

"எப்படி இருக்கீங்க? ஷிஃப்ட் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது சாமி, முடிஞ்சுது."

"ஓகே. லிஸன், நான் வந்து... தேங்க்ஸ்கிவிங்குக்கு வீட்டுக்கு வரலாமான்னு திங்க் பண்றேன். ஜஸ்ட் திங்க்கிங். டூ டேஸ். ஓகேவா?"

"வா சாமி! இதென்ன கேக்கற, வா! பூனையையும் தூக்கிட்டு வா. பாவம், கால் கட்டுப் பிரிச்சாச்சா அதுக்கு?"

நான் முறுக்கை வாயில் வைத்தபடி நின்றேன். ஆன்ட்டிக்கு மகிழ்ச்சியில் தான் என்ன சொல்கிறோம் என்பதே தெரியவில்லை.

"முடி உனக்கு அப்புடி நல்லாத்தான் இருக்கும். அந்தப் பச்சை ஸ்வெட்டர் போட்டுட்டு வா, இங்க இப்ப குளுரு."

"அம்மா." யாமினியின் குரல் மாறிவிட்டது. "ஹவ் டூ யூ நோ அபௌட் த கேட்?"

"அது... தெரியும் சாமி. ஒரு அம்மாளுக்குத் தெரியாதா?"

"நோ. ஹவ் டூ யூ நோ? யாரை வெச்சுப் பாக்கறீங்க? என் ரூம்மேட்டா? ஓ மை காட். நைன் மன்த்ஸ், அம்மா. நீங்க மாறவே இல்ல." அழுகையில் அவள் தமிழ் உடைந்துவிட்டது. போன் வைக்கப்பட்டது.

ஆன்ட்டி மாவுக்கையோடு என்னைப் பார்த்தார். "ஏங்கண்ணு வெச்சுட்டா? நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்? நல்லாருக்குன்னுதான சொன்னேன்?"

நான் தெரியல ஆன்ட்டி என்றேன். முறுக்கை விழுங்கிவிட்டு வேலி வழியாக எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டேன். பக்கத்தில் நின்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்த நிமிடமே அவளைத் திரும்பக் கூப்பிட்டு விளக்கியிருக்கலாம்.

சாயந்திரம் எனக்கு ஒரு மெசேஜ் வந்தது. முப்பது பேருக்கும் அனுப்பியிருப்பாள் போல. "பூனையைப் பற்றி என் அம்மாவிடம் சொன்னது யார்?" நான் பதில் அனுப்பவில்லை. வெள்ளி, சனி, இரண்டு நாளும் அனுப்பவில்லை. இதற்கிடையில் அவள் தன் ரூம்மேட்டோடு சண்டை போட்டுவிட்டாள் என்று வேறொரு நண்பனிடமிருந்து தெரிந்தது. அந்தப் பெண்ணை நான் பார்த்ததுகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, நான்தான் என்று எழுதினேன். கயிறு, வியாழக்கிழமை, தோசைப் பொடி, எல்லாவற்றையும் எழுதினேன். என்மேல் இரக்கம் வரும்படியாக ஒரு வரிகூட சேர்க்கக்கூடாது என்று பார்த்துப் பார்த்து எழுதியும், கடைசியில் "ஆன்ட்டி ரொம்ப அழுதாங்க, அதனாலதான்" என்று ஒன்று சேர்ந்துவிட்டது. அதை அழிக்காமலே அனுப்பிவிட்டேன்.

அவள் பதில் ஒரே வரி. "அப்போ இத்தனை நாளா அந்தப் புள்ளி நீதானா?" பிறகு அந்த முப்பதில் நான் இல்லை.

அதே ஞாயிறு மதியம் ஆன்ட்டி வீட்டுக்குப் போனேன். பலகை வழியாகப் போக மனம் வரவில்லை. தெருவைச் சுற்றி நடந்து போய் முன்வாசல் மணியை அடித்தேன். மாரிசாமி அங்கிள் திறந்தார். ஆன்ட்டி சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"என்ன கண்ணு, புதுசா முன்னால வர்றே?"

"ஆன்ட்டி, நான் எங்கயும் போகல."

"எங்க போகல?"

"ரிச்சர்ட்சன். ஒரு தடவகூட போகல. எனக்கு அது வரவே இல்ல. எல்லாம் போன்ல பாத்தது. யாமினி எனக்கு மட்டும் காட்டின படம்."

அவருக்குப் புரியவில்லை. அல்லது புரிந்தும் நம்பவில்லை. "அவரைச் செடி?" என்றார்.

"படத்துல இருந்துச்சு."

"பூனை?"

"படம்."

"பொடி தொட்டு தோசை தின்னுட்டு இருந்தான்னியே?"

"அது படத்துலயும் இல்ல ஆன்ட்டி" என்றேன்.

நிரூபிக்க வேண்டும் என்று நினைத்தேனோ என்னவோ, போனை எடுத்து நீட்டினேன். யாமினி என்னை நீக்குவதற்கு முன் நான் சேமித்து வைத்திருந்த படங்கள் அதில் இருந்தன. ஆன்ட்டி கீரைக் கையை யூனிஃபார்ம் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு வாங்கினார். முதல் படத்தைப் பார்த்தார். பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்து யாமினியின் முகத்தைப் பெரிதாக்கினார். விரல் அடுத்த படத்துக்குத் தள்ளப் போனது, பாதியில் நின்றது. போனைக் கவிழ்த்துக் கல்மேடையில் வைத்தார்.

"இது அவ எனக்குக் காட்டுனதில்ல" என்றார். "இத அழிச்சுரு. என் கண்ணு முன்னாலயே அழி."

அழித்தேன். ஒவ்வொன்றாக. அவர் படங்களைப் பார்க்காமல் என் விரலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன்ற பேருக்கு அவ நட்சத்திரத்தைச் சொன்னேனே" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அங்கிள் என்னோடு வாசல்வரை வந்து, "பாத்துப் போப்பா" என்று கதவைச் சாத்தினார். மறுநாள் காலை வேலியில் சுத்தியல் சத்தம் கேட்டது. அந்தப் பலகைக்கு அவர் மூன்று ஆணி அடித்திருந்தார்.

தேங்க்ஸ்கிவிங்குக்கு யாமினி வரவில்லை. அம்மா மாவு டப்பா ஏன் வருவதில்லை என்று கேட்டபோது அவரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா என்னை அடிக்கவில்லை. ஆனால் தொழுகைப் பாயை விரித்துவிட்டு, அதில் நிற்காமல் ரொம்ப நேரம் அதன் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தார். புத்தகங்களை லைப்ரரியில் திருப்பிக் கொடுக்க அவரே என்னைக் கூட்டிப்போனார். "நீயே போய்ப் போட்டுட்டு வா" என்று காரிலேயே இருந்துகொண்டார்.

டிசம்பரில் கம்யூனிட்டி காலேஜில் மறுபடி சேர விண்ணப்பித்தேன். தடுப்பூசிச் சான்று கேட்டார்கள். உடுமலையில் போட்ட ஊசிகளின் அட்டை எப்போதோ தொலைந்துவிட்டது. அதனால் ரத்தம் எடுத்துப் பார்த்து நிரூபிக்க வேண்டும் என்றார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த இடம் ஆன்ட்டியின் மருத்துவமனை. அவர் இருக்கும் நேரமாக இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டு போனேன். திரையை விலக்கிக்கொண்டு அவர்தான் வந்தார்.

கம்ப்யூட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பேரும் பொறந்த தேதியும் சொல்லு."

எல்லோரிடமும் அதைக் கேட்டாக வேண்டும், அது அங்கே விதி. தெரியும். ஆனாலும் என் பிறந்தநாளுக்கு வருடா வருடம் கேசரி கிளறித் தந்தவர் அவர். முழுப்பெயரையும் தேதியையும் சொன்னேன். லேபிளோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தலையசைத்தார். மேல்கையில் பட்டையைக் கட்டினார். விரலை வைத்தார். கண்ணை மூடினார். அந்த இரண்டு விநாடி, என் கைக்குள் என்ன ஓடுகிறது என்று அவருக்கு முழுவதும் தெரிகிறது போல இருந்தது. ஒரே குத்து. வலிக்கவில்லை.

இரண்டு குழாய்கள் நிரம்பியதும் பஞ்சை வைத்து, "அமுத்திப் புடி" என்றார்.

"ஆன்ட்டி, யாமினி..."

"அவ விஷயத்த அவகிட்டத்தான் கேக்கோணும்." குழாய்களை மெதுவாகத் தலைகீழாக்கி, நிமிர்த்தி, தட்டில் வைத்தார். "நானும் இப்ப அப்புடித்தான் பழகிட்டிருக்கறேன். அஞ்சு நிமிஷம் கைய மடக்காம இரு."

திரையை விலக்கிக்கொண்டு போய்விட்டார்.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒரு பிற்பகல், குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டு பின்பக்கம் போனேன். வேலிக்கு அந்தப் பக்கம் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. "ம்மா, டோரைத் திறங்க, இவன் கூண்டுக்குள்ள கத்தறான்" என்று ஒரு குரல். பூனை ஒன்று நீளமாகக் கத்தியது. ஆன்ட்டி ஓடி வரும் செருப்புச் சத்தம் கேட்டது. ஆணி அடித்த பலகைக்கும் அடுத்த பலகைக்கும் நடுவில் விரல் அகலத்துக்கு இன்னும் இடைவெளி இருக்கிறது. நான் நின்ற இடத்திலிருந்து இரண்டு அடி போனால் போதும்.

குப்பைத் தொட்டியை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்குள் வந்து, கண்ணாடிக் கதவைச் சாத்தி, திரையை இறக்கிவிட்டேன். யாமினி எத்தனை நாள் இருந்தாள் என்று எனக்குத் தெரியாது.